‘இல்லை’ என்று சொல்லுங்கள்!

பொய்களில் மிகக் கொடியது எது என்று என்னைக் கேட்டால், துக்கத்தில் இருப்பவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு சொல்லப்படும் பொய்தான் என்று சொல்லுவேன். செத்துப்போனவரை வெற்றிலையில் மை தடவிக் காட்டுகிறேன் என்று ஒருவன் வந்தால் நாம் அவனை எத்தன் என்கிறோம். அவனிடம் போகிறவர்களை மூடர்கள் என்கிறோம். ஆனால் அதே காரியத்தைக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குள், குளிர்சாதனத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒருவன் செய்தால் நமக்கு அப்படித் தோன்றுவதில்லை. ‘போனில் அழிந்துபோன போட்டோக்கள் மீட்டுத் தரப்படும்’ என்று அவன் பலகை மாட்டியிருக்கிறான். நாம் பயபக்தியோடு படியேறுகிறோம். ஏனென்றால் இது மை அல்ல, விஞ்ஞானம்!

நான் விஞ்ஞானத்துக்கு விரோதி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும், தெரியாததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையை விட்டவன் அல்ல. என் சண்டை விஞ்ஞானத்தோடு இல்லை. அது ‘முடியாது’ என்று தெளிவாகச் சொல்லிவிட்ட இடத்தில் நின்றுகொண்டு, அதன் பெயரைச் சொல்லியே ‘முடியும்’ என்று விற்கிறவர்களோடுதான் சண்டை.

நடந்ததைச் சொல்லுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. கணவர் தபால் இலாகாவில் இருந்தவர். படம் எடுத்துக்கொள்வதென்றால் அவருக்கு ஆகாது. யாராவது போனை நீட்டினால் எழுந்து உள்ளே போய்விடுவார். அவர்களுடைய கல்யாண ஆல்பம் ஒன்று இருந்தது. 2015 டிசம்பரில் முடிச்சூர் பக்கம் வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் பீரோவோடு அது மூழ்கிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு வெயிலில் உலர்த்தினார்கள். தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு ஒரு பலகையாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் முகம் என்று அந்த வீட்டில் இருந்தது, ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய ஒரு படம்தான். அவர் காலமான பிறகு மாலை போட்டு மாட்டியிருப்பதும் அதுவே.

ஆனால் டீச்சரம்மாவிடம் இன்னொரு படம் இருந்தது. அவர் இறப்பதற்கு ஏழெட்டு மாதம் முன்பு, ஒரு மத்தியானம், பின்கட்டில் உட்கார்ந்து கை நிறைய எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தாராம். குனிந்த தலை நிமிரவில்லை. டீச்சரம்மா சமையலறை வாசலில் நின்று, மகன் வாங்கிக் கொடுத்திருந்த போனில் சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்துவிட்டார். அவர் தம் வாழ்நாளில் கணவரைத் தம் கையால் எடுத்த படம் அது ஒன்றுதான். யாருக்கும் அனுப்பவில்லை. ‘இந்த வயசுல புருஷனைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டறதாவது’ என்று ஒரு கூச்சம்!

போன மே மாதம் பேரன் விடுமுறைக்கு வந்தான். ஏதோ ஒரு விளையாட்டை ஏற்ற வேண்டுமென்று பாட்டியின் போனை வாங்கினான். இடம் இல்லை என்றது போன். அதற்கு முன்பும் பல மாதமாக ‘இடம் நிறைந்துவிட்டது, பணம் கட்டினால் கூடுதல் இடம் தருகிறோம்’ என்று அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. டீச்சரம்மா அதை விளம்பரம் என்று நினைத்து மூடிவிடுவாராம். அவர் நினைத்ததும் தவறில்லை; பாதி விளம்பரம்தான். பையன் பழைய படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தான். விளையாடினான். லீவு முடிந்து ஊருக்குப் போனான்.

ஆகஸ்டில் திதி வந்தது. அந்தப் பலாப்பழப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்ட வேண்டும் என்று டீச்சரம்மாவுக்கு ஆசை. போனைத் திறந்து பார்த்தார். இல்லை.

போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, நீங்க எழுதறவர். உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குமே” என்றார். கதை எழுதுகிறவனுக்கும் போனின் வயிற்றுக்குள் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? ‘எனக்குத் தெரியாது டீச்சர்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. “எடுத்துடலாம் டீச்சர், கவலைப்படாதீங்க” என்றேன். ஆகவே, இந்தக் கட்டுரையில் நான் குற்றம் சாட்டப்போகிறவர்களின் வரிசையில் முதலாவதாக நிற்பவன் நான்தான்.

பஜாரில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரப் பையன் போனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அம்மா, போன்ல எதுவுமே அழியாது. எல்லாம் உள்ளேதான் இருக்கும். தொண்ணூறு பர்சன்ட் கேரண்டி” என்றான். ஆறாயிரம் ரூபாய், இரண்டாயிரம் முன்பணம். போனைத் திறக்கும் ரகசிய எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டான். பத்து நாள் என்றது மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரமும் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் டீச்சரம்மா எங்கள் வீட்டு கேட்டில் நிற்பார். “கடையிலேருந்து ஏதாவது வந்துதா தம்பி?”

கடைசியில் ஒரு பென் டிரைவில் மூவாயிரத்துச் சொச்சம் படங்களைப் போட்டுக் கொடுத்தார்கள். மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாலைகள் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு டீச்சரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்கள், வெள்ளிக்கிழமை அம்மன்கள், காஸ் ரசீது, தபால் தலை அளவுக்குச் சுருங்கிப் புள்ளி புள்ளியாய்ப் போன யார் யாரோ. பலாப்பழம் உரிக்கிறவர் அதில் இல்லை.

“பரவாயில்ல தம்பி. அவங்களும் பாவம், மெனக்கெட்டுத்தானே தேடியிருக்காங்க” என்றார்.

அந்தப் ‘பாவம்’தான் எனக்குக் கோபத்தை உண்டாக்கிற்று. விஷயம் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டேன், படித்தேன். தெரிந்துகொண்டபோது வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் தேவையே இல்லை, ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்கக்கூடிய பதில் அது.

அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தாசில்தார் ஆபீஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தஸ்தாவேஜுகள் அடுக்கிய அறை. வெளியே எது எங்கே இருக்கிறது என்று எழுதிய பதிவேடு. பழைய காலத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்தால் பதிவேட்டில் ஒரு வரியை அடிப்பார்கள், அவ்வளவுதான். தஸ்தாவேஜு உள்ளேயே கிடக்கும். அந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கும்வரை, பொறுமையுள்ள ஒருவன் அறைக்குள் புகுந்து தேடி எடுத்துவிடலாம். ‘எதுவுமே அழியாது’ என்ற பேச்சு பிறந்தது அந்தக் காலத்தில்தான். அன்றைக்கு அது ஏறக்குறைய உண்மையும்கூட.

இன்றைய போன் அப்படியல்ல. உள்ளே வைக்கிற எதையும் அது பூட்டி வைக்கிறது. ஐபோனில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித் தனிச் சாவி உண்டு. 2019-ல் ஆண்ட்ராய்டின் பத்தாம் பதிப்பு வந்ததிலிருந்து, அதோடு விற்பனைக்கு வரும் புதுப் போன் எதுவானாலும் உள்ளிருப்பதைச் சங்கேதமாக்கித்தான் வைக்க வேண்டும் என்பது விதி. படத்தை முற்றாக அழிக்கும்போது அதைத் திறப்பதற்கு வேண்டிய விவரமும் அழிகிறது. அதன் பிறகு பெட்டி உள்ளே கிடந்தால் என்ன, கிடக்காவிட்டால் என்ன? போதாக்குறைக்கு, காலியான இடங்களைப் போனின் நினைவகம் தானாகவே துடைத்துச் சுத்தம் செய்துகொள்கிறது. திருடன் கையில் போன் கிடைத்தால் உங்கள் அந்தரங்கம் அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடு. ஆனால் திருடனைத் தடுக்கிற அதே பூட்டு, டீச்சரம்மாவையும் தடுக்கும். பூட்டுக்குக் கண்ணீர் தெரியாது.

அப்படியானால் ‘மீட்டுத் தருகிறேன்’ என்று சொல்லும் அந்தச் செயலிகளும் கடைகளும் எதைத்தான் மீட்கின்றன? பெரும்பாலும், அழியாமல் இருப்பதையே! போனில் ஏற்கெனவே பத்திரமாக உள்ள படங்கள், வாட்ஸ்அப் தனக்கென்று வைத்திருக்கும் மூலையில் கிடப்பவை, பட்டியலில் காட்டுவதற்காகப் போன் தயாரித்து வைத்த சின்னஞ்சிறு நகல்கள்—இவற்றையெல்லாம் வாரிக் கொட்டி, ‘மூவாயிரம் படம் கிடைத்தது’ என்று எண்ணிக்கை காட்டுகிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் துணிகளை எண்ணிக் காட்டிவிட்டு, ‘திருட்டுப் போனதைக் கண்டுபிடித்துவிட்டேன், கூலி கொடு’ என்று கேட்கிற மாதிரி இருக்கிறது இது.

என் நண்பர் ஒருவர் மறுத்தார். “2024 மே மாதம் ஐபோனில் என்றைக்கோ அழித்த படங்களெல்லாம் தாமாகத் திரும்பி வந்தனவே, பேப்பரில் வந்ததே! அப்படியானால் உள்ளேதானே இருந்திருக்கின்றன?” என்றார். நியாயமான கேள்விதான். 17.5 என்ற பதிப்பை ஏற்றிக்கொண்ட சிலருக்கு அப்படி நடந்தது உண்மை. படங்களின் பதிவேட்டில் ஏற்பட்ட கோளாறு என்று சொல்லி, அதே மாதத்தில் ஆப்பிள் கம்பெனி திருத்தமும் வெளியிட்டது. அதாவது, அழித்ததாக அந்தச் சொந்தக்காரர்கள் நம்பினார்களே தவிர, கோப்பு உள்ளபடியே அழியவில்லை. இதிலிருந்து ‘எதுவும் அழியாது’ என்று முடிவு கட்டுவது, சுடுகாட்டுப் பாதி வழியில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார் என்பதற்காக, சாவே பொய் என்று சொல்வது போலத்தான். இன்னொருவர், “போலீஸ்காரர்கள் மட்டும் எப்படி எடுக்கிறார்கள்?” என்று கேட்டார். பெரும்பாலும் அனுப்பியவர் போனிலிருந்து, வாங்கியவர் போனிலிருந்து, வேறெங்கோ தங்கியிருக்கும் நகலிலிருந்து எடுக்கிறார்கள். மந்திரத்தால் அல்ல.

அப்படியென்றால் அழிந்தது எதுவுமே கிடைக்காதா? கிடைக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு பொய்யன்தான். அழித்தவுடனே படம் சாவதில்லை. ஒரு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. ஐபோனில் அங்கே 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில் நகல் ஏற்றப்பட்ட படமானால் 60 நாள். நகல் ஏற்றப்படாத படமானால் 30 நாள். அதற்குள் தொட்டியைத் திறந்து ஒரு விரலால் தட்டினால் படம் திரும்பிவிடும். காலணா செலவில்லை, கடைக்காரன் தேவையில்லை. காணோம் என்று நாம் அலறுகிற படம் சில சமயம் காணாமலே போயிருக்காது. ‘காப்பகம்’ என்ற அறைக்கோ பூட்டிய அறைக்கோ கை தவறிப் போயிருக்கும். தனியாகச் செருகும் மெமரி கார்டில் இருந்த படமென்றால் கதை வேறு. கார்டு பெரும்பாலும் அந்தப் பழைய தாசில்தார் ஆபீஸ்தான், பூட்டு இல்லை. அழிந்தது தெரிந்த கணத்தில் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதில் மேற்கொண்டு ஒன்றும் எழுதாமல் இருந்தால், மீட்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய போட்டோரெக் என்ற புரோகிராம் இந்தக் காரியத்தைச் செய்கிறது. அதை இலவசமாகவே உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார் அவர். தண்ணீரில் விழுந்து செத்துப்போன போனும் வேறு கதை. அங்கே படம் அழிக்கப்படவில்லை; கதவுதான் திறக்கவில்லை. கைதேர்ந்த தொழிலாளி அதை உயிர்ப்பித்தால் படங்கள் கிடைக்கலாம். அவனுக்குக் கூலி கொடுப்பது நியாயம், கும்பிடுவதும் நியாயம்.

ஆக, முடிகிற காரியம் இருக்கிறது. முடியாத காரியம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு தெளிவாகவே இருக்கிறது. தெரிந்தவன் கேட்க வேண்டியது நாலே கேள்விகள்: எங்கே இருந்த படம்? எப்போது அழித்தது? தொட்டியில் பார்த்தீர்களா? வேறு யாருக்காவது அனுப்பினீர்களா? இந்த நாலையும் கேட்டிருந்தால் டீச்சரம்மாவுக்கு அன்றைக்கே விடை தெரிந்திருக்கும். கேட்காமல் ‘தொண்ணூறு பர்சன்ட்’ என்றானே, அது அறியாமையா? அறியாமை என்றால் பலகை மாட்டியிருக்கக் கூடாது. அறிந்து சொன்னான் என்றால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

“அவனும் பிழைக்க வேண்டாமா சார்?” என்று கேட்கிறார்கள். பிழைக்கட்டும். பார்ப்பதற்கு இவ்வளவு, கிடைத்தால் இவ்வளவு என்று வாங்கட்டும். டாக்டர் பிழைக்கவில்லையா? கைவிட்ட கேஸை ‘வீட்டுக்கு அழைத்துப் போங்கள்’ என்று சொல்கிற டாக்டரை நாம் திட்டுவதில்லை; கை கூப்புகிறோம். மூன்று வாரம் கட்டிலில் போட்டுப் பில் ஏற்றுகிறவனைத்தான் சபிக்கிறோம்.

கடைக்காரனை மட்டும் திட்டினால் பெரிய மனிதர்கள் தப்பித்துக்கொள்வார்கள். போன் செய்கிற, படங்களைச் சேமித்துத் தருகிற பெரிய கம்பெனிகளைக் கேட்கிறேன்: உங்கள் கெடு 30 நாளாகவோ 60 நாளாகவோ இருக்கட்டும். அதை யாருக்குத் தெரியும்படி சொன்னீர்கள்? எங்கள் ஊரில் செத்தவர்களுக்குப் பதினாறாம் நாள் உண்டு, மாசியம் உண்டு, வருஷத்துக்கு ஒரு திதி உண்டு. மனிதன் தன்னுடைய துக்கத்தை வருஷக் கணக்கில்தான் திறந்து பார்க்கிறான். ஒரு படத்தைத் தினமும் பார்க்கிறவனுக்கு உங்கள் கெடு போதும். திதிக்குத் திதி பார்க்கிறவளுக்கு? ‘இடம் இல்லை, பணம் கட்டு’ என்று சொல்வதற்குத் தினமும் எட்டிப் பார்க்கிறீர்களே, ‘அம்மா, நாளையோடு இருநூறு படங்கள் அடியோடு போகப்போகின்றன, சம்மதமா?’ என்று ஒரே ஒரு தடவை கொட்டை எழுத்தில், அவளுடைய பாஷையில் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வார்த்தைகளிலும் ஒரு சூது இருக்கிறது. ‘பேக்கப்’ என்கிறார்கள், ‘சிங்க்’ என்கிறார்கள். கேட்கிறவனுக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றுகிறது. முன்னது ஒரு நகல். பின்னது ஒரு நிலைக்கண்ணாடி. ஐகிளவுடில் படங்களைச் சேர்த்து வைத்தவர் கையிலிருக்கும் போனில் ஒன்றை அழித்தால், வீட்டிலிருக்கும் ஐபேடிலும் அது மறைந்துபோகும். நாம் நகர்ந்தால் கண்ணாடியில் இருப்பவனும் நகர்ந்துவிடுகிறான் அல்லவா? ‘மேலே இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது’ என்று நம்பி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த மேலேயும் மனிதன் நடத்துகிற கிடங்குதான். மைஸ்பேஸ் என்ற கம்பெனி, கிடங்கு மாற்றும்போது பல வருஷங்களாக ஜனங்கள் ஏற்றி வைத்திருந்த பாட்டுகளும் படங்களும் தொலைந்துவிட்டதாக 2019-ல் ஒப்புக்கொண்டது. வருத்தம் தெரிவித்தது. வருத்தத்தைச் சட்டம் போட்டு மாட்ட முடியுமா?

இதையெல்லாம் கேட்டவுடன், ‘அந்தக் காலத்து ஆல்பமே ஆல்பம்’ என்று பெருமூச்சு விடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. டீச்சரம்மாவின் ஆல்பம் என்ன ஆயிற்று என்று சொன்னேனே! தாளும் சாகும், போனும் சாகும். 2011-ல் ஜப்பானில் சுனாமி வந்தபோது சேற்றில் புதைந்த போட்டோக்களைத் தொண்டர்கள் லட்சக்கணக்கில் பொறுக்கி, ஒவ்வொன்றாக நீரில் கழுவி உலர்த்தி, சொந்தக்காரர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். அங்கே காப்பாற்றியது காகிதம் அல்ல. அதைக் கழுவிய கைகள். ஒன்றே ஒன்றாக இருப்பது எதுவானாலும் ஆபத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் நகல் ஒன்று இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும். பத்தே பத்துப் படத்தையாவது தாளில் போட்டுத் தங்கைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று கொடுத்து வையுங்கள். பூட்டி வைத்ததை விடக் கொடுத்து வைத்ததுதான் நிலைக்கிறது.

‘படம் போனால் என்ன? நினைவு இருக்கிறதே!’ என்று தத்துவம் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இன்னும் யாரையும் இழக்கவில்லை என்று நினைக்கிறேன். நினைவு முகத்தை வைத்துக்கொள்வதில்லை; தேய்த்துவிடுகிறது. மாலை போட்ட அந்த அடையாள அட்டை முகம், வருஷம் போகப் போக, உண்மையான முகத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். டீச்சரம்மா தேடியது ஒரு காகிதத்தை அல்ல. ‘இவர் இப்படியும் இருந்தார்’ என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைத் தேடினார்.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். இந்தக் காரியத்தைக் கடைக்காரன் தலையில் கட்டிவிட்டு நான் நல்லவனாக இருந்துவிட முடியாது. காபி கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன்: “டீச்சர், அந்தப் படம் இனிமே கிடைக்காது. யாராலயும் எடுக்க முடியாது. இன்னொரு கடையில கொடுத்துப் பாக்கலாம்னு யாராவது சொன்னா, போகாதீங்க.”

கொஞ்ச நேரம் பின்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்:

“இதை மொத நாளே சொல்லியிருக்கலாமே தம்பி. மூணு வாரமா வாசலையே பாத்துக்கிட்டிருந்தேனே.”